மதுவைப் பாடிய மதுவரியாளர்

ஒரு பொருளைப் பாடிப் புகழ்ந்தவரும் அப்பொருள்மேல் அரசுக்காக வரி அறவிட்டவரும் ஒருவரே என்றால், கேட்போர் வியப்பர். ஸ்கொத்லாந்தின் நாட்டுக் கவிஞர் றொபேட் பேர்ன்ஸ் அத்தகையவர். விஸ்கி என்னும் மதுவின் பெயரோடு அவர் பெயரும் இன்றுவரை இணைத்துப் பேசப்படுகிறது. அம்மதுவே அவரை மாய்த்தது என்ற பழியும் நெடுங்காலம் அவரை விட்டு நீங்கவில்லை. எனக்கு மதுவருந்தும் வழக்கம் இல்லை. ஆயினும், ஒரு புலவன்மேல் ஏற்றப்பட்ட பழி மெய்யோ பொய்யோ என ஆராய்தல் இலக்கியங் கற்பிப்போர்க்கு உரிய கடன் என்று கருதியே இதனை எழுதப் புகுந்தேன்.

பேர்ன்ஸ் 1759ஆம் ஆண்டு ஜனவரி 25ஆந் திகதி எயர்ஷயர்ப் பகுதியில் உள்ள அலோவே என்ற சிற்றூரில், தந்தையார் தம் கையாலேயே கட்டிய மண்வீட்டிற் பிறந்தார். பிள்ளைகள் எழுவருள் அவரே மூத்தவர். தந்தையார் குத்தகை நிலத்தோடு போராடிய ஏழை உழவர். எனினும், அயலவரோடு சேர்ந்து ஆசிரியர் ஒருவரை அமர்த்தித் தம் மக்களைக் கற்பித்த பெருந்தகை. பதினைந்து வயதிலேயே மூத்த மகன் வளர்ந்த ஆள் ஒருவனின் வேலையைத் தன் தோளிற் சுமந்தான். அவ்விளமைக் கால உழைப்பை வாசகர் நினைவில் இருத்துவாராக.

1786ஆம் ஆண்டு கில்மார்னொக் நகரில் அவருடைய முதற் கவிதை நூல் வெளிவந்தது. அச்சிட்ட படிகள் 612. ஒரு மாத அளவில் அவற்றுட் பெரும்பாலன விற்றுவிட்டன. விஸ்கியைப் போற்றும் கவிதையொன்று அந்நூலில் உண்டு. பிறநாட்டுப் பிராந்தியை இகழ்ந்து, தம் நாட்டு வாற்கோதுமையில் விளைந்த மதுவே உழைத்துக் களைத்த ஏழையின் துணை என்கிறார் கவிஞர். பெரின்ரொஷ் என்னும் இடத்து விஸ்கியின் இழப்பை எண்ணி அதிலே புலம்பவுஞ் செய்கிறார். அவ்விடத்து வடிசாலை போரில் அழிக்கப்பட்டமையால், அதற்கு ஈடாக 1690ஆம் ஆண்டு அதன் உரிமையாளருக்கு வரிவிலக்கு அளிக்கப்பட்டது. 1784இல் அரசு அவ்விலக்கை நீக்கிற்று. மலிவாகக் கிடைத்துவந்த நல்ல மது ஏழைக்கு எட்டாததாயிற்று. வரிச் சட்டங்களைத் திருத்துமாறு பாராளுமன்றத்து ஸ்கொத்லாந்துப் பிரதிநிதிகளை வேண்டும் பாட்டொன்றும் அதே நூலில் இடம்பெற்றுள்ளது.

அவர் பாடிய விஸ்கி இன்றைய விஸ்கி அன்று. அக்காலத்தில் வடித்த சில நாளிலேயே அதனை அருந்துவர். வெந்நீரும் சீனியும் கலப்பதும் உண்டு. இன்றைய சட்டப்படி, மூன்று ஆண்டுகளேனும் ஓக் மரப் பீப்பாவில் இருந்து முதிர்ந்ததே ஸ்கொச் விஸ்கி எனப்படும். போத்தலிற் குறித்த வயது, அதிற் கலந்தவற்றுள் மிக இளையதன் வயதாகும். ஒரே வடிசாலையில் முளைகட்டிய வாற்கோதுமையால் மட்டும் ஆக்கியது சிங்கிள் மோல்ற்; அத்தகையவற்றோடு பிற தானிய விஸ்கியுஞ் சேர்ந்தது பிளெண்டட். ஐலாத் தீவினதிற் பெரும்பாலும் கரிப்புல் நிலத்து முற்றாப் பீற் நிலக்கரியின் புகைமணம் மிகும். ஸ்பேசைட் பகுதியினது பொதுவாக மென்மையும் கனிமணமும் உடையது. ஆதலின், புதிதாய்ச் சுவைப்போர் மென்மையானதிலே தொடங்கி, சிறிதளவே வார்த்து, முதலில் மணத்தை முகர்ந்து, சில துளி நீர் சேர்த்து மெல்லப் பருகுதல் நன்று என்பர் அறிந்தோர்.

கவிதை புகழைத் தந்தது. குடும்பத்துக்குச் சோறு தரவில்லை. எலிஸ்லாண்ட் என்ற இடத்திற் செய்த பயிரும் பொய்த்தது. எனவே, 1789இல் பேர்ன்ஸ் ஆண்டுக்கு 50 பவுண் சம்பளத்தில் மதுவரி உத்தியோகத்தரானார். விஸ்கி வரியைப் பாட்டில் வெறுத்தவர் கையில் அளவுகோல் வந்தது. பத்துக் கோவிற்பற்றுகளிலே வாரத்துக்கு 200 மைல் குதிரையிற் சென்று, முளைத்தானியம், மெழுகுதிரி, தோல், மது யாவற்றையும் அளந்து கணக்கெழுதினார். மதுவரியாளனைப் பேய் கொண்டுபோவதாக அவரே ஒரு நகைப்பாட்டுப் பாடினார். தம் தொழிலைத் தாமே நகையாடினாலும், அத்தொழிலில் அவர் தவறவில்லை.

1791இன் இறுதியில் டம்பிரிஸ் நகருக்குக் குடிபெயர்ந்தார். நாட்டுப் பாடல்களைத் தொகுத்தும் புதுக்கியும் தாய்நாட்டுக்கு அவர் அளித்த பெருஞ்செல்வத்திற்கு ஊதியம் பெற விரும்பவில்லை. ஆனால், 1796 ஜூலையிற் கடன்காரர் நெருக்க, ஐந்து பவுண் அனுப்புமாறு பதிப்பாளர் ஒருவரைக் கெஞ்ச நேர்ந்தது. நோயுற்ற அவரைக் குளிர்ந்த கடல்நீரில் மூழ்குமாறு பணித்தனர். அம்மாதம் 21ஆந் திகதி, முப்பத்தேழாவது வயதில் உயிர் நீத்தார். அவரை அடக்கஞ் செய்த 25ஆந் திகதியே அவர் மனைவி ஓர் ஆண்மகவை ஈன்றார்.

1800ஆம் ஆண்டு, லிவர்பூல் வைத்தியர் ஜேம்ஸ் கரி என்பவர் கவிஞரின் வரலாற்றையும் ஆக்கங்களையும் நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். அவற்றின் வருவாய் கைம்பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும் உதவியது. ஆயின், குடியே கவிஞரைக் கெடுத்தது என்ற எண்ணமும் அவற்றால் ஊன்றிவிட்டது. குடும்பத்துக்குச் சோறு தந்த நூலே குடும்பத் தலைவரின் பெயரைக் கெடுத்ததை என்னென்பது!

1815இல் வெளிவந்த மற்றொரு பதிப்பில் இருவர் சாட்சி பகர்ந்தனர். ஒருவர் மதுவரியில் அவருக்கு மேலதிகாரியாயிருந்த பின்லேற்றர். பேர்ன்ஸ் கடமையிற் குறையாதவர் என்றார். மற்றவர் கவிஞரின் மைந்தருக்குக் கற்பித்த பள்ளியாசிரியர் ஜேம்ஸ் கிறே. பிள்ளைகளின் படிப்பைத் தந்தை அருகிருந்து பேணியதைத் தாம் கண்டவாறு எழுதினார். இரண்டாவது சாட்சியை நான் பெரிதும் மதிக்கிறேன். வீட்டின் நிலையைப் பிள்ளையின் முகத்திலே படிக்க வல்லவர் ஆசிரியர் அன்றோ! நண்பர் கூட்டத்திற் கவிஞர் சில வேளை அளவு மீறியதும், மறுநாள் வருந்தி மடல் வரைந்ததும் உண்மையே. எனினும், இளமையிற் பட்ட பாட்டாலும் வாதசுரத்தாலும் பழுதுற்ற இதயமே அவர் உயிரைக் கவர்ந்தது என்பது பிற்கால மருத்துவர் பலரின் முடிபு.

1801ஆம் ஆண்டு நண்பர் ஒன்பதின்மர் அலோவே மண்வீட்டிற் கூடி அவர் நினைவாக விருந்துண்டனர். இன்று அவர் பிறந்த நாளில் அவ்விருந்து உலகெங்கும் நடைபெறுகிறது. விஸ்கிக் கிண்ணத்தை உயர்த்தி அவரை வாழ்த்துவோர், பாடிய புலவனோடு அளவுகோல் ஏந்திக் குதிரையிற் சென்ற உத்தியோகத்தரையும் எண்ணுவராயின், அவருக்கு இழைத்த பழிக்கு அதுவே தக்க கழுவாயாகும்.