ஓவியத்தைப் பூட்டி வைக்காதே என்ற பேராசிரியர்: யார் இந்த ஜான் ரஸ்கின்?

சர்வோதயம் என்றதும் நமக்கு காந்தி ஞாபகம்தான் வரும். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஓர் ஆங்கிலேயரின் புத்தகம் இருக்கிறது. 1904-ல் ஜோகன்னஸ்பர்க்கில் இருந்து டர்பனுக்குப் போன ரயிலில் காந்தி படித்த 'அன்டூ திஸ் லாஸ்ட்' அது. அதன் சாரத்தை 1908-ல் குஜராத்தியில் எழுதியபோது அவர் வைத்த பெயர்தான் சர்வோதயம்.

அந்தப் புத்தகத்தை எழுதிய ஜான் ரஸ்கின் பொருளாதாரம் படித்தவர் இல்லை. அவர் முதலில் பேரெடுத்தது ஓவியங்களைப் பற்றி எழுதித்தான். இன்று பல்கலைக்கழக ஓவியக்கூடங்களில் பொது உரை, சுற்றிக்காட்டல், படம் திரையிடல் எல்லாம் சர்வ சாதாரணம். சினிமா பிறப்பதற்கு முன்பே, ஓவியத்தைக் காட்டிப் பேசியே அரங்கத்தை நிறைத்தவர் இவர்.

ஒயின் வியாபாரி மகன்

1819 பிப்ரவரி 8 அன்று லண்டனில் பிறந்தார். அப்பா வசதியான ஒயின் வியாபாரி. 24 வயதில் 'மாடர்ன் பெயின்டர்ஸ்' முதல் தொகுதி வெளிவந்தது. டர்னர் என்ற ஓவியருக்கு ஆதரவாக எழுதப்பட்ட அந்தப் புத்தகம் அவருக்குப் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தது.

டர்னர் 1851-ல் இறந்தார். அவர் விட்டுச்சென்ற ஆயிரக்கணக்கான வரைபடங்கள் லண்டன் நேஷனல் கேலரியில் தகரப் பெட்டிகளில் கிடந்தன. ரஸ்கின் மாதக்கணக்கில் உட்கார்ந்து அவற்றைப் பிரித்து அடுக்கினார். தன்னிடம் இருந்த டர்னர் ஓவியங்களில் ஒரு பகுதியை 1861-ல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்குச் சும்மாவே கொடுத்தார். யாரும் பார்க்காமல் கிடக்கும் ஓவியத்தால் யாருக்கும் பயனில்லை என்பது அவர் கணக்கு.

தொழிலாளிக்கும் தூரிகை

1854-ல் லண்டனில் தொழிலாளர்களுக்கான கல்லூரி தொடங்கியது. அங்கே சம்பளம் வாங்காமல் ஓவியம் கற்றுக்கொடுத்தார். அவர்களை ஓவியர்களாக்குவது நோக்கம் இல்லை. ஓர் இலையை, ஒரு கல்லை ஒழுங்காகப் பார்க்கப் பழக்க வேண்டும், அவ்வளவுதான். 1875-ல் ஷெஃபீல்டு அருகே வாக்லியில் ஓர் அருங்காட்சியகமும் தொடங்கினார். இரும்புத் தொழிலாளிகள் வேலை முடிந்து வரட்டும் என்று அதை இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்து வைத்தார்கள்.

நிரம்பி வழிந்த அரங்கம்

ஆக்ஸ்ஃபோர்டின் முதல் ஸ்லேட் கலைப் பேராசிரியராக 1869-ல் ரஸ்கின் தேர்வானார். 1870-ல் தன் 51-வது பிறந்தநாளில் முதல் உரை. அறிவித்த அரங்கத்தில் கூட்டம் கொள்ளவில்லை. எல்லாரையும் பெரிய ஷெல்டோனியன் அரங்குக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

அவர் வெறும் வாயால் பேசுகிறவர் இல்லை. 1877-ல் ஓர் உரைக்கு லெஸ்டர் நகரைப் பற்றிய டர்னர் ஓவியத்தைக் கொண்டுவந்தார். அதன் மேல் இருந்த கண்ணாடியில் தூரிகையால் இரும்புப் பாலம், சாயக் கழிவு ஓடும் ஆறு, புகைபோக்கி என்று ஒவ்வொன்றாக வரைந்தார். அழகான ஊர் கண்ணெதிரே காணாமல் போனது. கைதட்டல் அதிர்ந்தது. பின்னாளில் கவிஞரான ஹவுஸ்மன் அன்று மாணவராக உட்கார்ந்திருந்தார்; அந்தக் காட்சியைக் கடிதத்தில் எழுதி வைத்தார்.

பல்கலைக்கழக ஓவியக்கூடத்திலேயே 1871-ல் ஓவியப் பள்ளி தொடங்கினார். அதற்கு 5,000 பவுண்டு சொந்தப் பணம் போட்டார். மாணவர்கள் பார்த்து வரைய நூற்றுக்கணக்கான படங்களையும் சேர்த்துக் கொடுத்தார்.

இன்னொரு முகம்

இந்தியர்கள் மறக்கக் கூடாத பக்கமும் உண்டு. 1857 எழுச்சிக்கு அடுத்த ஆண்டு பேசிய உரையில் இந்தியக் கலையைத் தாழ்த்திப் பேசினார். ஆக்ஸ்ஃபோர்டின் முதல் உரையிலேயே, குடியேற்றங்களை விரிவாக்க வேண்டும் என்று இங்கிலாந்து இளைஞர்களைத் தூண்டினார். அதே மனிதரின் இன்னொரு புத்தகம்தான் பேரரசை எதிர்த்தவரின் வாழ்க்கையை மாற்றியது.

ராஜினாமா

விஸ்லர் என்ற ஓவியரைக் கடுமையாக விமர்சித்ததால் ரஸ்கின் மேல் அவதூறு வழக்கு வந்தது. 1878-ல் விஸ்லர் ஜெயித்தார். கிடைத்த நஷ்டஈடு ஒரே ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி. அதே ஆண்டு ரஸ்கினின் மனநலமும் குலைந்தது. பதவியை விட்டார். 1883-ல் திரும்பி வந்தார்.

இந்த முறை மோதல் பல்கலைக்கழகத்தோடு. உயிருள்ள விலங்குகளை அறுத்துச் செய்யும் ஆய்வுக்கு ஆக்ஸ்ஃபோர்டு இடம் கொடுத்தது. பார்க்கக் கற்றுக்கொடுப்பவரால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. 1885-ல் ராஜினாமா செய்தார். அதன்பின் நோயும் மௌனமுமாகக் கழிந்தது காலம். 1900 ஜனவரி 20 அன்று கோனிஸ்டன் ஏரிக்கரை வீட்டில் காலமானார்.

அவர் தொடங்கிய பள்ளி இன்றும் ஆக்ஸ்ஃபோர்டின் கலைத் துறையாக, அவர் பெயரிலேயே நடக்கிறது. கற்பிக்கச் சேர்த்த படங்கள் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அங்கே போக மாணவராக இருக்கத் தேவையில்லை, நுழைவுக் கட்டணமும் கிடையாது.