புளித்துப் போன மதுவும் லூயி பாஸ்டரும்

பனை ஏறுகிறவர்கள் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்குவது பதநீர். தடவாத கலயத்தில் இறங்குவது கள்.

ஒரே மரம். ஒரே பாளை. ஒரே சாறு. சுண்ணாம்பு இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் வேறொன்று!

விருதுநகர், சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துப் பனங்காடுகளில் சிறு பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது. ஆனால், சாறு ஏன் பொங்குகிறது? ஏன் புளிக்கிறது? இந்தக் கேள்விக்கு 1850-ம் ஆண்டு வாக்கில் ஐரோப்பாவின் பெரிய ரசாயன மேதைகளே தப்பான விடை சொல்லிக்கொண்டிருந்தார்கள். சாறு தானாக அழுகுகிறது, அதுதான் பொங்குகிறது என்பது அவர்கள் கட்சி.

அதைத் தகர்த்தவர் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்த ஒருவர். அவர்தான் பிரான்சு நாட்டு லூயி பாஸ்டர்.

தோல்காரர் மகன்

பிரான்சின் கிழக்கு எல்லையில் ஜூரா என்று ஒரு மலைப் பிரதேசம் இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் சுவிட்சர்லாந்து. அந்தப் பிரதேசத்தில் டோல் என்ற ஊரில் 1822-ம் ஆண்டு டிசம்பர் 27-ந் தேதி பாஸ்டர் பிறந்தார்.

தகப்பனார் தோல் பதனிடுகிறவர். நெப்போலியன் படையில் போர் புரிந்து, பதக்கம் வாங்கி வந்த மனிதர். பையன் குழந்தையாக இருந்தபோதே குடும்பம் அர்புவா என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. வீட்டை ஒட்டிச் சிறிய ஆறு. ஆற்றங்கரையில் தோல் ஊறும் தொட்டிகள். ஊரைச் சுற்றி மலைச் சரிவெல்லாம் திராட்சைக் கொடி.

பிரான்சில் ஒயின் என்னும் திராட்சை மதுவுக்குப் பழத்தின் பெயரை வைப்பது பழைய வழக்கம் அல்ல. ஊர்ப் பெயர்தான் மதுவின் பெயர். சாத்தூர் சேவு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா என்று நாம் சொல்வதில்லையா? அப்படித்தான் போர்தோ, பர்கண்டி, ஷாம்பெயின் எல்லாம். ஊர்ப் பெயரைச் சொன்னால், இன்ன பழம் என்று தெரிந்தவர்கள் தெரிந்துகொள்வார்கள். பர்கண்டி சிவப்பு என்றால் பினோ நுவார் பழம். பர்கண்டி வெள்ளை என்றால் ஷார்தொனே. போர்தோ சிவப்பு என்றால் கபர்னே, மெர்லோ முதலிய பழங்களைக் கலந்தது.

அர்புவாவுக்கும் சொந்தப் பழங்கள் உண்டு. புளூசார் என்பது ஒன்று. தோல் மெல்லியது, அதன் மது இளஞ்சிவப்பாகத்தான் இருக்கும். த்ரூசோ என்பது இன்னொன்று. அது வெயில் கேட்கும். மூன்றாவது சாவன்யேன் என்ற வெள்ளைப் பழம். மற்றப் பழங்களைப் பறித்து முடித்த பிறகும் கொடியில் தொங்கிக்கொண்டிருக்கும். இந்தச் சாவன்யேனைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

அர்புவாவில் ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் ஒரு திருவிழா. முதலில் பழுத்த குலைகளையெல்லாம் சேர்த்துக் கட்டி, ஆள் உயரத்துக்கு ஒரே பெருங்குலையாக்கி, தோளில் சுமந்து மாதா கோவிலுக்கு ஊர்வலமாகக் கொண்டுபோவார்கள். விருதுநகர் பங்குனிப் பொங்கலுக்கு வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் ஊர் திரும்புவதுபோல, பாஸ்டரும் பெரிய மனிதரான பிறகும் கோடை முடிவில் குடும்பத்தோடு அர்புவாவுக்கு வந்துவிடுவார்.

பையனாக இருந்தபோது அவர் பாடத்தில் சூரப்புலி அல்ல. படம் வரைவதில்தான் கெட்டிக்காரர். 1838-ல் படிக்கப் பாரிசுக்கு அனுப்பினார்கள். வீட்டு ஏக்கம் தாங்காமல் சில வாரங்களிலேயே தகப்பனாரோடு ஊர் திரும்பினார். பிறகு மறுபடி போய், 1843-ல் பாரிசின் பெரிய ஆசிரியர் கல்லூரியில் சேர்ந்தார்.

பீப்பாயில் படிந்த புளிப்பு

அவருடைய முதல் கண்டுபிடிப்பே மதுப் பீப்பாயிலிருந்துதான் வந்தது. பீப்பாயின் உட்சுவரில் கல் உப்புப்போல ஒரு படிவு ஒட்டியிருக்கும். அதிலிருந்து எடுப்பது டார்டாரிக் அமிலம். நம் வீட்டுப் புளியின் புளிப்பும் இந்த அமிலம்தான்.

இதே அமிலத்தில் இன்னொரு வகை இருந்தது. இரண்டிலும் உள்ள பொருள்கள் ஒன்றே. ஆனால் ஒளியை அதில் பாய்ச்சினால் ஒன்று ஒரு விதமாகவும் மற்றது வேறு விதமாகவும் நடந்துகொண்டது. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. 1848-ல் 25 வயதுப் பாஸ்டர் அந்த இரண்டாவது வகையிலிருந்து உண்டாக்கிய படிகங்களைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். படிகங்களில் பாதி வலது கால் செருப்புப்போல. மறு பாதி இடது கால் செருப்புப்போல! இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிரித்துக் காட்டினார். அறிஞர் உலகம் திரும்பிப் பார்த்தது.

1849-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் மேரி லோரான் என்ற பெண்ணை மணந்தார். இரவில் கணவர் சொல்லச் சொல்ல ஆராய்ச்சிக் குறிப்புகளை எழுதியவர் இந்த அம்மையார்தான்.

1854-ல் லீல் நகரத்தில் பேராசிரியரானார். அங்கே பீட்ரூட்டிலிருந்து சாராயம் காய்ச்சும் ஆலைக்காரர் ஒருவர், சாராயம் கெட்டுப் போகிறதே என்று முறையிட்டார். பாஸ்டர் தொட்டியிலிருந்து ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தார். நல்ல தொட்டியில் உருண்டை உருண்டையாக ஈஸ்ட் அணுக்கள். கெட்ட தொட்டியில் குச்சி குச்சியாக வேறு அணுக்கள்.

விடை கிடைத்தது. சாறு தானாக அழுகவில்லை. உயிருள்ள அணுக்கள் சர்க்கரையைத் தின்று சாராயமாக்குகின்றன. வேறு அணுக்கள் புகுந்தால் புளிப்பாகிறது. பதநீர்க் கலயத்தின் ரகசியமும் இதுதான். சுண்ணாம்பின் காரத்தில் ஈஸ்ட் தலை தூக்க முடியாது.

சக்கரவர்த்தியின் கவலை

1860-ல் பிரான்சும் இங்கிலாந்தும் வர்த்தக உடன்படிக்கை செய்துகொண்டன. பிரெஞ்சு மது கப்பல் கப்பலாகப் போகலாம் என்று வழி பிறந்தது. வந்தது வினை! போய்ச் சேருவதற்குள் மது கெட்டது. பர்கண்டியின் உயர்ந்த மது கசந்தது. ஷாம்பெயின் வட்டாரத்து வெள்ளை மது எண்ணெய்போல நூல் இழுத்தது. வேறு சில கலங்கின, சில காடியாயின.

மது குடிப்பது நல்லதா கெட்டதா என்பது வேறு வழக்கு. குடித்துக் கெட்ட குடும்பங்களை நம் ஊரில் தெருவுக்குத் தெரு பார்க்கிறோம். ஆனால் அங்கே இது ஏழைக் குடியானவரின் கஞ்சி. ஆண்டுக்கு ஒரே அறுவடை. அந்தப் பீப்பாய் கெட்டால் அடுத்த ஆண்டு வரை கையில் காசு கிடையாது.

1863-ல் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியன் பாஸ்டரிடம் பொறுப்பை ஒப்படைத்தார். பாஸ்டர் மாணவர்களுடன் அர்புவாவுக்கு வந்தார். ஊர் முனையில் பழைய காப்பிக் கடை ஒன்று. அதுதான் ஆராய்ச்சிச் சாலை! கருவிகளை உள்ளூர்த் தச்சரும் தகரக் கொல்லரும் செய்து கொடுத்தார்கள். சிறு வயது நண்பர்கள் தங்கள் நிலவறைகளைத் திறந்துவிட்டார்கள். ஒவ்வொரு பீப்பாயிலும் ஒரு சொட்டு. நாக்கில் ஒன்று, பூதக்கண்ணாடியில் ஒன்று. கசப்புக்கு ஓர் அணு, காடிக்கு ஓர் அணு என்று ஒவ்வொன்றாகப் பிடிபட்டது.

இங்கேதான் சாவன்யேன் வருகிறது. மற்ற மதுவுக்கெல்லாம் பீப்பாயை விளிம்பு வரை நிரப்பி வைப்பார்கள். காற்றுப் பட்டால் மேலே ஏடு படரும், மது காடியாகும். சாவன்யேன் மதுவுக்கோ அர்புவாக்காரர்கள் வேண்டுமென்றே பீப்பாயைக் குறைவாக விட்டு வைப்பார்கள். அதிலும் ஏடு படரும். ஆனால் மது காடியாகாமல், பொன்னிறமாகி, வாதுமைக் கொட்டை மணம் பெறும். மஞ்சள் மது என்று அதற்குப் பெயர். இன்றைய சட்டப்படி அது 6 ஆண்டு 3 மாதமாவது கழித்துத்தான் வெளியே வரலாம். 62 சென்டிலிட்டர் பிடிக்கும் அதன் குட்டைப் புட்டியும் அதற்கென்றே தனி.

ஒரே மாதிரி ஏடு. ஒன்று கெடுக்கிறது, ஒன்று காக்கிறது. எப்படி? கெடுக்கும் ஏட்டில் இருந்தது காடி அணு. காக்கும் ஏட்டில் இருந்தது ஒருவகை ஈஸ்ட். பாட்டன் காலத்திலிருந்து ஊரார் கண்ணாலும் மூக்காலும் பிரித்துவந்ததைப் பாஸ்டர் பூதக்கண்ணாடியில் பிரித்துக் காட்டினார்.

கெடுக்கும் அணுவைக் கொல்வது எப்படி? பீப்பாய்க்குள் கந்தகத் திரி கொளுத்தும் பழக்கம் முன்பே இருந்தது. சிவகாசியில் பட்டாசு மருந்தில் சேர்க்கும் அதே கந்தகம்தான்! பாஸ்டர் வேறு வழி கண்டார். மதுவைக் காற்றுப் படாமல் 50 முதல் 60 டிகிரி வரை சூடாக்கினால் போதும். கொதிக்க வேண்டியதில்லை. 1865-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பிறகு ஒரு காசு வாங்காமல் ஊருக்கே விட்டுக் கொடுத்தார்.

சூடு காட்டினால் ருசி போய்விடும் என்று வியாபாரிகள் கூச்சல் போட்டார்கள். பாரிசில் ருசி பார்க்கும் நிபுணர்களைக் கூட்டிச் சோதனை நடந்தது. பாஸ்டர் ஒரு குறும்பு செய்தார். ஒரே புட்டி மதுவை இரண்டு கிண்ணத்தில் ஊற்றி நீட்டினார். அதிலும் வித்தியாசம் கண்டுபிடித்தார்கள் சில நிபுணர்கள்!

1868-ல் ‘ழான் பார்’ என்ற கப்பலில் 500 லிட்டர் மது ஏறியது. பாதி சூடு காட்டியது, பாதி காட்டாதது. 10 மாதம் கடலில் கிடந்து திரும்பியது. சூடு காட்டிய மது தெளிவாக இருந்தது. மற்றது புளிக்கத் தொடங்கியிருந்தது.

வேடிக்கை என்னவென்றால், இன்று பிரான்சின் உயர்ந்த மதுவை இப்படிச் சூடாக்குவது அபூர்வம். பால்தான் இந்த முறையைத் தனதாக்கிக்கொண்டது. காலையில் வீட்டு வாசலில் விழுகிற பால் பாக்கெட்டில் பாஸ்டர் பெயர்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அடி மேல் அடி

புகழ் வளர்ந்த அதே ஆண்டுகளில் வீட்டில் இடி விழுந்தது. மூத்த மகள் ழான் 1859-ல் அர்புவாவில் டைபாய்டு காய்ச்சலில் இறந்தாள். வயது 9. 1865 ஜூனில் தகப்பனார் போனார். அதே செப்டம்பரில் 2 வயதுக் குழந்தை கமீல். அடுத்த ஆண்டு 12 வயது செசீல், மறுபடியும் டைபாய்டு. மது கெடுவதற்கு அணு காரணம் என்று கண்டுபிடித்த மனிதர், பெற்ற பெண்களைப் பறிகொடுத்து நின்றார். 1868-ல் பக்கவாதம் தாக்கி இடது பக்கம் செயலற்றுப்போனது. வயது 45தான்.

அவர் ஓயவில்லை. பட்டுப்புழு நோய், ஆட்டு அடைப்பான், கோழிக் காலரா என்று போய்க்கொண்டே இருந்தார். திராட்சையையும் விடவில்லை. ஈஸ்ட் பழத்துக்குள்ளேயே பிறக்கிறது என்று மறுபடி ஒரு வாதம் கிளம்பியபோது, 1878-ல் அர்புவா அருகே தன் சொந்தத் தோட்டத்தில் கொடிகளைச் சுற்றிக் கண்ணாடிக் கொட்டகை போட்டார். காய் பச்சையாக இருக்கும்போதே சில குலைகளைப் பஞ்சால் மூடினார். அக்டோபரில் பறித்துப் பிழிந்தார். வெளிக்கொடிப் பழம் இரண்டு நாளில் பொங்கியது. கொட்டகைப் பழம் அப்படியே கிடந்தது. ஈஸ்ட் வெளியிலிருந்து வந்து தோலில் உட்காருகிறது என்பது ருசுவாயிற்று. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை மேல் விரலை வைத்தால் சாம்பல்போல ஒட்டுகிறதே, அது பழத்தின் மெழுகு. அதன் மேலும் இந்த அணுக்கள் குடியிருக்கின்றன. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பழமும் மஸ்கட் ஹாம்பர்க் என்ற அயல்நாட்டுக் கொடிதான்.

ஒன்றை மட்டும் பாஸ்டரால் தடுக்க முடியவில்லை. பிலாக்செரா என்ற வேர்ப்பூச்சி பிரான்சின் கொடிகளையெல்லாம் அழித்துக்கொண்டு வந்து, கடைசியில் ஜூராவுக்கும் வந்தது. அமெரிக்கக் கொடியின் வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டியபிறகுதான் தோட்டங்கள் பிழைத்தன. அந்தக் கீர்த்தி வேறு ஆட்களுடையது.

இடையன் மகன்

1885 ஜூலை 6-ந் தேதி. அல்சாஸ் பகுதியிலிருந்து ஒரு தாய், 9 வயது மகனை இழுத்துக்கொண்டு பாரிசில் பாஸ்டர் வாசலுக்கு வந்தாள. வெறிநாய் கடித்த பையன், உடம்பெல்லாம் காயம். பெயர் ஜோசப் மைஸ்டர். மனிதருக்கு அதுவரை நிரூபிக்கப்படாத ஊசி. போட்டுப் பிள்ளை இறந்தால் கொலைப் பழி. போடாவிட்டால் சாவு ஏறக்குறைய நிச்சயம். பாஸ்டர் டாக்டர் பட்டம் பெற்ற வைத்தியரும் அல்ல. வைத்தியர்களைக் கொண்டு 10 நாள் ஊசி போடச் செய்தார். பல இரவு தூங்கவில்லை. பையன் பிழைத்தான்.

இரண்டாவது ஆள் அவருடைய சீமைக்காரன்! அர்புவா பக்கத்துக் கிராமமான வில்லேர் பார்லேயின் 15 வயது ஆட்டிடையன் ழான் பாப்டிஸ்ட் ஜுபில். சின்னப் பிள்ளைகள் மேல் பாய்ந்த வெறிநாயைக் கையாலேயே பிடித்து மல்லுக்கட்டிக் கொன்றவன். ஊர்த் தலைவர் பாஸ்டருக்குக் கடிதம் போட்டார். கடிபட்டு 6 நாள் ஆகியிருந்தது. அவனும் பிழைத்தான்.

உலகம் முழுவதும் பணம் அனுப்பியது. 1888-ல் பாரிசில் பாஸ்டர் நிலையம் எழுந்தது. நம் நாட்டில் குன்னூரில் 1907-ல் திறந்த பாஸ்டர் நிலையமும் அந்த வழியில் வந்ததுதான். தென்னாட்டில் வெறிநாய் கடித்த எத்தனையோ பேரை அந்த நாளில் மலை ரயிலேற்றிக் குன்னூருக்குத்தான் கொண்டுபோனார்கள்.

1895 செப்டம்பர் 28-ல் பாஸ்டர் காலமானார். பாரிஸ் நிலையத்தின் அடியில் அவர் சமாதி இருக்கிறது. சுவரெல்லாம் வண்ணக்கல் சித்திரம். அவர் ஆராய்ந்த ஆடு, கோழி, நாய், பட்டுப்புழுவுக்கான முசுக்கட்டை இலை எல்லாம் அதில் உண்டு. அவற்றுக்கிடையே திராட்சைக் கொடியும் படர்ந்திருக்கிறது.