விக்டர் ஹார்ஸ்லி

சர் விக்டர் ஹார்ஸ்லி (ஏப்ரல் 14, 1857 - ஜூலை 16, 1916) ஓர் ஆங்கிலேய அறுவை மருத்துவரும் உடலியங்கியல் ஆய்வாளரும் ஆவார். நரம்பியல் அறுவை மருத்துவத்தின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படும் இவர், தண்டுவடத்தை அழுத்திய கட்டியொன்றை 1887இல் வெற்றிகரமாக அகற்றியமைக்காகப் பெரிதும் அறியப்படுகிறார்.

வாழ்க்கைக் குறிப்பு

இலண்டனின் கென்சிங்டன் பகுதியில், ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லியின் மகனாகப் பிறந்தார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் மருத்துவம் பயின்றார். 1886இல் குயின் ஸ்குவேர் தேசிய மருத்துவமனையில் அறுவை மருத்துவராகப் பொறுப்பேற்றார். அதே ஆண்டில் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1902இல் சர் பட்டம் பெற்றார்.

தண்டுவட அறுவை மருத்துவம்

எக்ஸ் கதிர்கள் கண்டறியப்படாத அக்காலத்தில், நோயாளியின் உணர்விழப்பையும் தசைத் தளர்ச்சியையும் கொண்டே கட்டியின் இடம் ஊகிக்கப்பட்டது. 1887 ஜூன் 9 அன்று, வில்லியம் கவர்ஸ் என்னும் நரம்பியல் மருத்துவரின் கணிப்பின்படி, கால்கள் செயலிழந்த ஒருவருக்கு ஹார்ஸ்லி முதுகில் அறுவை செய்தார். முதலில் திறந்த இடத்தில் கட்டி தென்படவில்லை. முயற்சியைக் கைவிடாமல் மேலும் சில எலும்பு வளைவுகளை அகற்றியபோது, சற்று மேலே கட்டி காணப்பட்டது. நோயாளி பின்னர் நடக்கும் ஆற்றலை மீளப் பெற்றார்.

1892இல் கழுத்துத் தண்டுவட அழுத்தத்திற்கும் இதே முறையைக் கையாண்டார். முள்ளெலும்பின் பின்வளைவை அகற்றும் இம்முறை லேமினெக்டமி எனப்படுகிறது.

இயக்கவியல் அடிப்படை

கழுத்து இயல்பாக முன்புறம் குவிந்து வளைந்துள்ளது. ஆகவே பின்வளைவு நீக்கப்பட்டதும், தண்டுவடம் பின்னோக்கி நகர்ந்து முன்புற அழுத்தத்திலிருந்து விலகுகிறது. ஆனால் பின்வளைவுகளும் அவற்றோடு இணைந்த தசைகளும் தசைநார்களும், சுமார் 4 முதல் 5 கிலோகிராம் எடையுள்ள தலை முன்னே சாயாதவாறு இழுத்துப் பிடிக்கும் கயிறு போன்றவை. இவை மிகுதியாக அகற்றப்பட்டால் கழுத்து நாளடைவில் எதிர்ப்புறம் வளையலாம். அப்போது தண்டுவடம் முள்ளெலும்புகளின் மேல் இழுபட்டு மீண்டும் அழுந்தும். இக்குறையைத் தவிர்க்கவே 1950களில் முன்புற வழி அறுவையும், 1970களில் ஜப்பானில் பின்வளைவை அகற்றாது கதவு போல் திறந்து வைக்கும் லேமினோபிளாஸ்டி முறையும் உருவாயின.

பிற பணிகள்

எலும்பிலிருந்து கசியும் குருதியை நிறுத்தும் எலும்பு மெழுகை அறிமுகப்படுத்தினார். ராபர்ட் கிளார்க்குடன் இணைந்து, மூளையின் ஆழ்பகுதிகளைத் துல்லியமாக அடைய உதவும் கருவியை 1908இல் வெளியிட்டார். கேடயச் சுரப்பியின் செயற்பாடு குறித்தும் ஆய்வு செய்தார். மதுவிலக்கையும் பெண்களின் வாக்குரிமையையும் ஆதரித்தார்.

மறைவு

முதல் உலகப் போரில் இராணுவ மருத்துவராகப் பணியாற்றிய இவர், மெசபடோமியாவில் காயமுற்ற வீரர்களுக்குப் போதிய மருத்துவ வசதி கிடைக்காததைக் கண்டித்தார். இன்றைய ஈராக்கில் உள்ள அமாராவில், கடும் வெப்பத்தின் தாக்கத்தால் தமது 59ஆவது வயதில் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.