கருத்துரிமைக்காகப் போராடிய கலைஞர் பால் ராப்சன்

முடியாட்சிக் காலத்தில் மாற்றுக் கருத்து உரைத்தோரைச் சிறையிலிட்டனர், நாடு கடத்தினர். குடியாட்சி நாடுகளில் அவ்வாறு செய்வது எளிதன்று. அங்கே அரசியல் சட்டம் உண்டு, நீதிமன்றம் உண்டு, தேர்தலும் உண்டு. ஆயினும் இவை யாவும் இருக்கும்போதே ஒரு மனிதரின் குரலை அடக்கிவிட முடியும் என்பதை வரலாறு நமக்குக் காட்டுகிறது. அவருக்கு மண்டபம் கிடைக்காமற் செய்யலாம், வானொலியில் இடம் மறுக்கலாம், கடவுச்சீட்டைப் பறித்துக்கொள்ளலாம். குற்றச்சாட்டும் இல்லாமல், தீர்ப்பும் இல்லாமல், அவர் தம் சொந்த நாட்டிலேயே சிறைப்பட்டவர் ஆகிவிடுவார். இக்கொடுமைக்கு ஆளாகியும் தலைவணங்காத கறுப்பினப் பெருமகனார் பால் ராப்சன். அவரது வாழ்க்கையை நம் சமுதாய இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்னும் விழைவால், இவ்வெள்ளி விழா மலரில் அதனைச் சுருக்கமாக எடுத்துரைக்கின்றோம்.

இளமையும் கல்வியும்

1898ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 9ஆம் நாள், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்துப் பிரின்ஸ்டன் நகரில் ராப்சன் பிறந்தார். அவருடைய தந்தை வில்லியம் ட்ரூ ராப்சன் அடிமையாகப் பிறந்தவர். பதினைந்தாம் வயதில் தப்பியோடி விடுதலை பெற்று, பின்னர் லிங்கன் பல்கலைக்கழகத்தில் பயின்று, கிறித்தவ சபையின் போதகராக உயர்ந்தவர். பிரின்ஸ்டனில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஊழியம் செய்த அவர், வெள்ளையர் ஆதிக்கத்திலிருந்த சபைத் தலைமையின் நெருக்குதலால் 1901இல் அப்பதவியை இழந்தார். நேற்றுவரை பிரசங்க மேடையில் நின்றவர், வண்டி ஓட்டியும் வீடுவீடாகச் சாம்பல் அள்ளியும் குடும்பத்தைக் காத்தார். ராப்சனுக்கு ஆறு வயது நடக்கையில் அன்னையார் தீ விபத்தில் மறைந்தார். இத்தனைக்கும் நடுவே தந்தையார் தம் மக்களின் படிப்பை மட்டும் நிறுத்தவேயில்லை.

1915இல் மாநில அளவிலான தேர்வில் வென்று, உதவித்தொகை பெற்று ரட்கர்ஸ் கல்லூரியில் ராப்சன் சேர்ந்தார். அக்கல்லூரி வரலாற்றில் அவர் மூன்றாவது கறுப்பின மாணவர். அமெரிக்கக் கால்பந்தாட்டக் குழுவில் சேர முயன்றபோது, சக மாணவர்களே அவரை அடித்து மூக்கை உடைத்தனர். அவர் விலகவில்லை. தென்மாநிலக் கல்லூரி ஒன்று கறுப்பருடன் ஆட மறுத்தபோது, அவரது கல்லூரியே அவரை வெளியே உட்கார வைத்தது. அத்தகையவர் 1917, 1918 ஆகிய இரண்டாண்டுகளிலும் நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரருள் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். படிப்பிலும் முதன்மை பெற்று, 1919ஆம் ஆண்டுப் பட்டமளிப்பு விழாவில் மாணவர் சார்பில் உரையாற்றினார். பின்னர்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று 1923இல் பட்டம் பெற்றார். நம் அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை பயின்றதும் இதே பல்கலைக்கழகத்தில்தான் என்பதை ஈண்டு நினைவுகூர்கின்றோம்.

பட்டம் கிடைத்தும் தொழில் கிடைக்கவில்லை. அவர் சேர்ந்த சட்ட அலுவலகத்தில், கறுப்பர் சொல்ல வெள்ளையர் எழுதுவதா என்று சுருக்கெழுத்தாளர் ஒருவர் மறுத்துவிட்டார். ராப்சன் அவ்வேலையைத் துறந்து நாடக மேடையை நாடினார்.

கலையும் கடமையும்

1925இல், கறுப்பின மக்கள் அடிமைக் காலத்தில் பாடிய பக்திப் பாடல்களை மட்டுமே கொண்ட கச்சேரியை நியூயார்க்கில் நிகழ்த்தினார். தோட்டங்களில் கூலியின்றி உழைத்தோரின் பாடல் அரங்கேறிற்று. 1930இல் இலண்டனிலும், 1943இல் நியூயார்க்கிலும் ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவாக நடித்தார். நியூயார்க்கில் அந்நாடகம் 296 முறை நடைபெற்றது. வேறெந்த ஷேக்ஸ்பியர் நாடகமும் அந்நகரின் பிராட்வே அரங்குகளில் அதுவரை அத்தனை முறை நடந்ததில்லை.

புகழும் பொருளும் குவிந்தன. அவர் விரும்பியிருந்தால் அவற்றோடு நிறைவடைந்திருக்கலாம். ஆனால் இலண்டனில் வாழ்ந்த நாளில் வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளரோடும், ஆப்பிரிக்க விடுதலை வீரரோடும், ஜவாஹர்லால் நேருவோடும் பழகியவர் அவர். தம் மக்களின் துயரை மறந்து பாடுவதற்கு அவருக்கு மனம் வரவில்லை. கறுப்பரைக் கும்பலாகக் கூடிக் கொல்லும் கொடுமையைத் தடுக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்று, 1946ஆம் ஆண்டு செப்டம்பரில் குடியரசுத் தலைவர் ட்ரூமனை நேரில் கண்டு கேட்டார். அதற்குக் காலம் கனியவில்லை என்று கைவிரிக்கப்பட்டது. அத்தகைய சட்டம் அந்நாட்டில் 2022ஆம் ஆண்டில்தான் நிறைவேறிற்று என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

குரலுக்குப் பூட்டு

1949ஆம் ஆண்டு ஏப்ரலில் பாரிஸ் நகர அமைதி மாநாட்டில் ராப்சன் பேசினார். சோவியத் நாட்டின் மீது அமெரிக்கப் பகைமை முற்றியிருந்த காலம் அது. அவர் பேச்சைத் திரித்துச் செய்தி வெளியாயிற்று. உடனே அவர் நாட்டுத் துரோகி எனத் தூற்றப்பட்டார். ஏற்பாடாகியிருந்த கச்சேரிகள் ஒவ்வொன்றாக நீக்கப்பட்டன.

அவரை மறுத்துப் பேச, நாடாளுமன்ற விசாரணைக் குழு அவர் இனத்தவரையே அழைத்தது. பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் அக்குழுவின்முன் சாட்சியம் அளித்தார். கறுப்பின வீரருக்கு அந்த ஆட்டத்தின் கதவு திறக்கவேண்டும் என்று 1943இலேயே வாதாடியவர் ராப்சன். அப்படியோர் அழைப்பு மீண்டும் வருமாயின் ஏற்கமாட்டேன் என்ற கருத்தை ராபின்சன் 1972ஆம் ஆண்டுத் தன்வரலாற்றில் பதிவு செய்தார். ஒருவரின் வாயை அடைக்க அவருடைய உறவின் கையையே கருவியாக்குவது ஆதிக்கத்தின் பழைய வழக்கம். இதனை நம் இளைஞர்கள் மனத்தில் இருத்துதல் வேண்டும்.

அவ்வாண்டு ஆகஸ்டு 27இல் நியூயார்க் மாநிலத்துப் பீக்ஸ்கில் நகரருகே நடக்கவிருந்த கச்சேரியை வன்முறைக் கும்பல் தடுத்தது. செப்டம்பர் 4இல் அவர் மீண்டும் சென்று பாடினார். தொழிலாளர்கள் அவரைச் சூழ்ந்து மதிலாக நின்றனர். கச்சேரி முடிந்து மக்கள் திரும்பும் வழியில் பேருந்துகள் மீது கல்மாரி பொழிந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். காவலர்கள் அதனைத் தடுக்கவில்லை.

1950இல் அரசாங்கம் அவருடைய கடவுச்சீட்டை நீக்கியது. உள்நாட்டில் மண்டபம் இல்லை. வெளிநாடு செல்லவும் வழியில்லை. அதற்கு அரசு நீதிமன்றத்தில் காட்டிய காரணங்களுள் ஒன்று, அவர் ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளின் விடுதலைக்காக உழைத்து வந்தார் என்பது! கடவுச்சீட்டு வேண்டாத கனடாவுக்குள்ளும் 1952 சனவரியில் அவரை விடவில்லை. அவரோ அவ்வாண்டு மே 18இல், இரு நாட்டு எல்லையிலுள்ள அமைதி வளைவருகே ஒரு சரக்குந்தின் மேல் நின்று பாடினார். எல்லைக்கு அப்பால் பல்லாயிரவர் கூடிக் கேட்டனர். 1957இல் கடலடித் தொலைபேசிக் கம்பி வழியாக இலண்டன் மக்களுக்கும் வேல்ஸ் தொழிலாளர்க்கும் பாடினார்.

1956 சூன் 12இல் விசாரணைக் குழு அவரை அழைத்து, பொதுவுடைமைக் கட்சியினரா என வினவிற்று. கட்சிச் சார்பு பற்றிக் கேட்க அரசுக்கு உரிமை இல்லை என்று அவர் விடையிறுக்க மறுத்தார். நெஞ்சு நிமிர்த்தி, இந்நாட்டைக் கட்டியது தம் முன்னோரின் உழைப்பே என்று எடுத்துரைத்தார்.

ராப்சனிடம் குறையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. சோவியத் நாட்டில் எழுத்தாளரும் கலைஞரும் ஒடுக்கப்பட்டபோது அவர் வெளிப்படையாகக் கண்டித்தாரில்லை. அது குறையே. ஆனால் கருத்துரிமை என்பது பிழையற்றவர்க்கு மட்டும் அளிக்கும் பரிசன்று. பிழையான கருத்தை மறுப்பதற்கு வழி விவாதமே, கடவுச்சீட்டைப் பறிப்பதன்று.

பூட்டு உடைந்தது

பெரிய மண்டபங்கள் மூடிக்கொண்ட நாளில் அவருக்குக் கதவு திறந்தவை கறுப்பின மக்களின் தேவாலயங்களே. ஏழைகள் காசு சேர்த்துக் கட்டிய அவ்விடங்களில் நின்று அவர் பாடினார். 1958இல் அவர் எழுதிய தன்வரலாற்று நூலைப் பெரிய பத்திரிகைகள் கண்டுகொள்ளவில்லை. கறுப்பின மக்களின் ஏடுகளே மக்களிடம் கொண்டு சேர்த்தன. அவ்வாண்டு அவரது 60ஆம் பிறந்த நாளை இந்தியாவில் கொண்டாடியபோது, அமெரிக்க அதிகாரிகளின் அதிருப்தியையும் பொருட்படுத்தாது பிரதமர் நேரு வாழ்த்தினார்.

1958 சூன் 16இல், ஓவியர் ராக்வெல் கென்ட் தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பயணம் செய்யும் உரிமை மனிதச் சுதந்திரத்தின் ஒரு பகுதி என்றும், நம்பிக்கை காரணமாகக் கடவுச்சீட்டை மறுக்கும் அதிகாரம் அமைச்சருக்கு வழங்கப்படவில்லை என்றும் தீர்ப்பளித்தது. ஐவர் ஒருபுறம், நால்வர் மறுபுறம். ஒரே ஒரு நீதிபதியின் வேறுபாடு! ராப்சன் கடவுச்சீட்டை மீண்டும் பெற்றார். நம் நாட்டு உச்ச நீதிமன்றமும் 1967இல், வெளிநாடு செல்லும் உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு காக்கும் உரிமையே எனத் தீர்ப்புரைத்தது.

ஆனால் இழந்த எட்டு ஆண்டுகளை எந்த நீதிமன்றமும் திருப்பித் தரவில்லை. 1960இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில், கட்டப்பட்டு வந்த இசை அரங்கின் தொழிலாளர்க்குப் பாடிய அவர், மறு ஆண்டே நோயுற்றார். 1976 சனவரி 23இல் பிலடெல்பியாவில் இயற்கை எய்தினார். அவருடைய தமையனார் போதகராயிருந்த ஹார்லம் தேவாலயத்தில் இறுதி வழிபாடு நடைபெற்றது. நெருக்கடி நாளில் அவருக்குக் கதவு திறந்த தேவாலயங்களுள் அதுவும் ஒன்று.

நம் கடமை

1936இல் லாகூரில் அண்ணல் அம்பேத்கர் ஆற்றவிருந்த உரைக்கு மேடை மறுக்கப்பட்டது. அவர் அதனைத் தம் செலவில் நூலாக அச்சிட்டார். ராப்சனின் வாழ்வும் இதனையே நமக்கு உணர்த்துகிறது. சட்டத்தில் எழுதிய உரிமை நமக்கு வேண்டும். அதனைக் கேட்டுப் பெற நீதிமன்றமும் வேண்டும். தீர்ப்பு வரும்வரை நின்று பேச நமக்கென ஓர் இடமும் வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கல்விக் கழகம் பாடுபட்டு வந்திருப்பது பட்டங்களுக்காக மட்டுமன்று. மேடை மறுக்கப்பட்ட ஒருவர் நம் வாயிலுக்கு வருவாராயின், அவர் கருத்து நமக்கு உடன்பாடோ இல்லையோ, அவருக்கு நாம் கதவைத் திறத்தல் வேண்டும். அத்துணிவை நம் இளைஞர்கள் பெறுவார்களாக.