வாடாத பூக்கள்

காலையில் பறித்த பூ மாலையில் வாடிவிடும். ஆனால், ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன் தென்னாட்டில் பறித்த பூக்கள் இன்னும் வாடாமல் இருக்கின்றன!

எங்கே? ஸ்காட்லாந்தில் உள்ள எடின்பரோ நகரத்தில். அங்குள்ள அரச தாவரத் தோட்டத்தில், வண்ணப் படங்களாக அவை இருக்கின்றன. படங்களைச் சேர்த்தவர் ஒரு வெள்ளைக்கார டாக்டர். வரைந்தவர்கள் நம் நாட்டு ஓவியர்கள்.

டாக்டரின் ஆசை

அந்த டாக்டரின் பெயர் ராபர்ட் வைட். 1796-ம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பிறந்தார். எடின்பரோவில் வைத்தியம் படித்தார். 1819-ல் கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்தில் உதவி டாக்டராகச் சேர்ந்து, சென்னை ராஜதானிக்கு வந்தார்.

அந்தக் காலத்தில் மருந்து என்றால் பெரும்பாலும் வேர், பட்டை, இலைதான். அதனால் டாக்டர்கள் தாவரங்களைப் பற்றியும் படித்தார்கள். வைட்டுக்கோ அதில் அடங்காத ஆசை. போன ஊரில் எல்லாம் செடி கொடிகளைச் சேர்த்தார்.

செடியைக் காகிதத்தில் வைத்து அழுத்தி உலர்த்தினால் பல ஆண்டு கெடாது. ஆனால் நிறம் போய்விடும். பூ நசுங்கிவிடும். போட்டோ எடுக்கும் வசதி இல்லாத காலம் அது. என்ன செய்வது? கைதேர்ந்த ஓவியர் வேண்டும்!

ரங்கையா

1826-ல் வைட், சென்னை அரசாங்கத்தின் இயற்கை ஆராய்ச்சியாளர் ஆனார். ரங்கையா என்ற ஓவியர் அவருக்காகப் படம் வரைந்தார்.

அது லேசான வேலை அல்ல. இலையின் நரம்புகூடப் பிசகக் கூடாது. பூவைப் பிரித்து, இதழ், மகரந்தப் பை, விதை எல்லாவற்றையும் பெரிதாக்கித் தனித்தனியே காட்ட வேண்டும். அதுவும் பூ வாடுவதற்கு முன்!

பதவி போயிற்று

1828-ல் தலையில் இடி விழுந்தது. கவர்னர் லஷிங்டன் அந்தப் பதவியையே ஒழித்துவிட்டார். வைட் நாகப்பட்டினத்துக்கு டாக்டராகப் போனார்.

வேறு ஒருவர் என்றால் மனம் உடைந்து போயிருப்பார். வைட் சோர்ந்துவிடவில்லை. மறுபடியும் செடிகளைச் சேர்த்தார். ரங்கையாவின் படங்களை கிளாஸ்கோ நகரப் பேராசிரியர் ஹூக்கருக்கு அனுப்பினார். அவர் அவற்றை அச்சிட்டு வெளியிட்டார்.

1831-ல் வைட் விடுமுறையில் சொந்த நாட்டுக்குப் போனார். கூடவே கொண்டு போனது என்ன தெரியுமா? உலர்ந்த செடிகள் சுமார் ஒரு லட்சம். எடை 2 டன்!

2,101 படங்கள்

1834-ல் வைட் திரும்பி வந்தார். கல் அச்சில் படம் அச்சிடும் முறையைக் கற்றுக்கொண்டார். 1838 முதல் 1853 வரை சென்னையில் தம் பெரிய படப் புத்தகத்தை வெளியிட்டார். மொத்தம் 6 பாகங்கள், 2,101 படங்கள்.

இதற்கிடையில், அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்க்கும் வேலைக்காக அரசாங்கம் அவரைக் கோவைக்கு அனுப்பியது. எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. ஆனால் படப் புத்தகம் நிற்கவில்லை. ரங்கையாவுக்குப் பின் கோவிந்து என்ற ஓவியர் தூரிகையைப் பிடித்தார்.

மறக்காத நன்றி

கம்பெனி காலத்தில் வெள்ளைக்காரர்களுக்குப் படம் வரைந்த நம் ஓவியர்கள் பலர். அவர்களில் பெரும்பாலோரின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. புகழ் துரைக்கு, உழைப்பு ஓவியருக்கு!

வைட் அப்படிச் செய்யவில்லை. படத்தின் அடியிலேயே ஓவியரின் பெயரை அச்சிட்டார். ஆர்க்கிட் செடிகளில் ஒரு வகைக்கு 'கோவிந்தூயா' என்று கோவிந்துவின் பெயரையே சூட்டினார். அறிஞர்கள் பிற்காலத்தில் அந்தச் செடிக்கு வேறு பெயர் கொடுத்துவிட்டார்கள். என்றாலும், வைட் செலுத்திய நன்றி புத்தகத்தில் நிற்கிறது.

1853-ல் வைட் ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்றார். 1872-ல் காலமானார். கோவிந்துவோ, பெட்டோம் என்ற மற்றொரு தாவர அறிஞருக்காகத் தொடர்ந்து படம் வரைந்தார்.

2007-ல் எடின்பரோ தோட்டத்து அறிஞர் ஹென்றி நோல்ட்டி, இந்தப் படங்களைப் பற்றி 3 பாகங்களில் நூல் எழுதினார். நூலின் தலைப்பில் மூன்று பெயர்கள் இருக்கின்றன: வைட், ரங்கையா, கோவிந்து.

துரையின் பெயரோடு, தூரிகை பிடித்தவர்களின் பெயரும் வாடாமல் நிலைத்துவிட்டது!