மண்ணுக்கு மூச்சளித்த மாமேதை

தில்லியில் பயிலும் நமக்குப் பூசா என்றால் ஒரு சாலையும் ஓர் ஆராய்ச்சி நிலையமும் நினைவுக்கு வரும். உண்மையில் அது பீகாரிலுள்ள ஒரு சிற்றூரின் பெயர். 1934-ஆம் ஆண்டின் நிலநடுக்கத்தில் அங்கிருந்த வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் சிதைந்தது. 1936-இல் நிலையம் தில்லிக்குக் குடிபெயர்ந்தபோது ஊர்ப்பெயரும் உடன் வந்தது. அவ்வூரில் 19 ஆண்டுகள் உழைத்த ஸர் ஆல்பர்ட் ஹோவர்டின் வரலாற்றை நம் சங்க நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1873-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் இங்கிலாந்தில் ஓர் உழவர் குடும்பத்தில் ஹோவர்டு பிறந்தார். கேம்பிரிட்ஜில் கற்றுத் தேர்ந்து, 1899-இல் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று பயிர்நோய்களை ஆராய்ந்தார். ஆனால், தாம் சொல்லும் மருந்தைத் தாமே பயிரிட்டுச் சோதித்துப் பார்க்க அங்கே அவருக்கு ஒரு துண்டு நிலமும் இல்லை. அக்குறை 1905-இல் பூசாவில் தீர்ந்தது. அவருடைய மனைவி காப்ரியேல் அம்மையாரும் தேர்ந்த தாவரவியல் அறிஞர். இருவரும் இணைந்தே ஆராய்ந்தனர். சுற்று வட்டார உழவர்களையே ஹோவர்டு தம் ஆசிரியர்களாகக் கொண்டார்.

அந்நாளில் பீகாரில் அவுரிப் பயிர் காரணம் தெரியாமல் வாடி மடிந்தது. கிருமியைத் தேடியவர்கள் பலர். ஹோவர்டு தம்பதியரோ செடியின் வேரைத் தோண்டிப் பார்த்தனர். பெருமழையில் இறுகிய மண்ணுக்குள் காற்றுப் புகாமல் மெல்லிய வேர்கள் அழிந்திருந்தன. செடிக்கு நேர்ந்தது மூச்சுத் திணறல்!

வெப்ப நாடுகளின் நலிந்த மண்ணுக்கெல்லாம் இது பொருந்தும் என்பது என் கருத்து. கடும் வெயிலில் மண்ணிலுள்ள மட்கு விரைந்து கரைகிறது. சாணத்தையும் நாம் வறட்டியாக்கி எரித்துவிடுகிறோம். மட்கு குறைந்தால் மண்ணின் பொலபொலப்புப் போய்விடும். மழைநீர் உள்ளே இறங்காமல் மேல்மண்ணை வாரிக்கொண்டு ஓடும். காற்றில்லாத மண்ணில், வேருக்குத் தழைச்சத்தைச் சேர்த்துத் தரும் நுண்ணுயிர்களும் செயலிழக்கும். ஆக, மண்ணின் கட்டமைப்புக் கேடும் சத்துப் பஞ்சமும் இரண்டு நோய்கள் அல்ல. ஒரே நோயின் இரு முகங்கள்.

1924-இல் ஹோவர்டு இந்தூருக்குச் சென்றார். அங்குள்ள கரிசல் மண் மழையில் உப்பி அடைத்துக்கொள்ளும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். முதலில் வடிகால் அமைத்தார். பின்னர், சீன உழவர்களின் பழைய வழக்கத்தை ஆராய்ந்து, எருவாக்கும் முறையொன்றை வகுத்தார். பருத்திமார், சருகு, களை ஆகியவற்றோடு சாணம், தொழுவத்தில் மாட்டு மூத்திரம் ஊறிய மண், விறகுச் சாம்பல் ஆகியவற்றைக் கலந்து, ஆழமில்லாத குழியில் ஈரம் காத்து, மும்முறை புரட்டிப் போட்டால் மூன்று மாதத்தில் எரு கிடைக்கும். புரட்டுவது காற்றுக்காக, சாம்பல் புளிப்பை முறிப்பதற்காக. காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள் ஒன்றும் இல்லை என்பதே இதன் சிறப்பு. காப்ரியேல் அம்மையார் 1930-இல் மறைந்தார். மறு ஆண்டு, இம்முறையை விளக்கும் நூல் வெளிவந்தது. அதை ஹோவர்டுடன் சேர்ந்து எழுதியவர் யஷ்வந்த் வாட் என்னும் இந்தியர். 'இந்தூர் முறை' உலகெங்கும் பரவியது. இவ்விருவர் பெயரும் பரவவில்லை. இதை எண்ணி வருந்துகிறேன்.

தாயகம் திரும்பிய பின், ரசாயன உரத்தையே ஹோவர்டு கடிந்து ஒதுக்கினார். இதில் அவரோடு முழுதும் உடன்பட என்னால் இயலவில்லை. விளைச்சல் நகருக்கு விலையாகிப் போகும்போது மணிச்சத்தும் வயலை விட்டுப் போய்விடுகிறது. அந்த வயலின் குப்பை மட்டும் அதை முழுதும் ஈடுகட்டாது. இயல்பிலேயே அச்சத்துக் குறைந்த மண்ணுக்கு வெளியிலிருந்து ஊட்டியே ஆகவேண்டும். எனினும் மட்கில்லாத மண்ணில் உரத்தைக் கொட்டுவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பது போன்றதே.

1947 அக்டோபர் 20-ஆம் நாள் ஹோவர்டு மறைந்தார். அவர் நமக்கு விட்டுச் சென்றது வெறும் எருக்குழி அன்று. பயிர் வாடினால் இலையோடு நின்றுவிடாமல் வேரையும் மண்ணையும் பார்க்க வேண்டும் என்னும் அறிவே அவர் தந்த செல்வம். வேளாண்மை பயிலாத நண்பர்களுக்கும் அது பயன்படும்.