அமைதி காத்த அண்ணல்

அண்ணல் அம்பேத்கர் (1891–1956) 1927 மார்ச் 20ஆம் நாள் மகாராட்டிரத்து மகத் நகரில், சவுதார் பொதுக்குளத்து நீரைத் தம் மக்களோடு அருந்தினார். கோயிலுள்ளும் நுழைவர் என்ற வதந்தி பரவவே, நம்மவர் பலர் தாக்கப்பட்டனர். அண்ணல் தங்கியிருந்த அரசு விடுதிக்கு அதிகாரிகள் வந்து, அவர்தம் மக்களை அடக்குமாறு வேண்டினர். அடிபட்டோரையே அடங்கச் சொல்வதா என்று அவர் சினந்திருக்கலாம். பழிதீர்க்கத் துடித்த இளைஞரோ அவரது ஒரு சொல்லுக்காகக் காத்து நின்றனர். அண்ணல் அவர்களை அமைதிப்படுத்தினார். நீதியைச் சட்டத்தின் வழியே நாடினார். தாக்கியோருள் ஐவர் நான்கு மாதச் சிறைத்தண்டனை பெற்றனர். குள உரிமை வழக்கிலும் 1937 மார்ச் 17இல் பம்பாய் உயர்நீதிமன்றம் நம்மவர்க்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது.

தரமணி வாழ் இளைஞரே! நம் வாசலில் காவலர் வந்து நிற்கும் வேளையில் கை ஓங்கோம், உரிமையையும் கைவிடோம், நடந்ததை எழுதி வைத்துச் சட்டத்தின் துணை நாடுவோம். அதற்குக் கல்வியே நமக்குக் கருவி.